லயத்து வீட்டின் சாவி

கோலாலம்பூரிலிருந்து தெற்கே புறப்படும் கொமுட்டர் ரயில் பாங்கியைத் தாண்டிப் பத்தாங் பெனாரில் நிற்கும்போது நெகிரி செம்பிலானுக்குள் வந்துவிட்டோம். அடுத்தடுத்து நீலாய், லாபு, தீரோய், பிறகு சிரம்பான். ஐம்பது வயதைக் கடந்த மலேசியத் தமிழர் எவரிடமாவது இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு தோட்டத்தைப் பற்றிப் பேசுவார். "எங்க சித்தப்பா அங்கதான் தண்டலா இருந்தாரு", "அந்தத் தோட்டத்துத் திருவிழாவுக்கு லாரி கட்டிக்கிட்டுப் போவோம்" என்று தொடங்கும் பேச்சு அடுத்த நிலையம் வந்த பின்னும் முடியாது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு காலத்தில் பால்மரம் நிரைநிரையாக ஓடியது. பிறகு செம்பனை வந்தது. இப்போது பல இடங்களில் செம்பனையும் போய் ஓட்டுக்கூரை வீடுகள் வந்துவிட்டன. நீலாயில் 'பிளாண்டர்ஸ் ஹேவன்' என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. தோட்டமாக இருந்த நிலத்தில், பெரிய மனைகளும் பங்களா வீடுகளுமாக, வேலியும் காவலும் போட்டுக் கட்டியது. சிரம்பான் பக்கம் 'பண்டார் ஐன்ஸ்டேல்' என்று ஒரு புதுநகரம். ஐன்ஸ்டேல் ஒரு தோட்டத்தின் பெயர். 'செமாரா ஹில்ஸ்' என்று இன்னொன்று. கத்ரி என்ற பெரிய தோட்ட நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் செமாரா என்ற பெயரில்தான் சிரம்பானில் நடந்தது. வெட்டுக்காடுகளும் ஆராய்ச்சி நாற்றங்கால்களும் வீடுகளாகியிருக்கின்றன. அந்த மண்ணில் ஏற்கெனவே வீடுகள் இருந்தன என்பதைத்தான் நான் இந்தப் பயணம் முழுவதும் யோசித்துக்கொண்டே போனேன்.

பழைய கட்டடங்களுக்கு மறுவாழ்வு கிடைப்பதைப் பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை உண்டு. கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மெஜஸ்டிக் ஓட்டல் 1932இல் திறந்தது. ஊரின் பெரிய மனிதர்களும் தோட்டத்துத் துரைமார்களும் வந்து போன இடம். நொடித்துப்போய் இடிபடும் நிலைக்கு வந்தபோது அரசு அதைக் காப்பாற்றியது. 1984இல் தேசியக் கலைக்கூடமானது. 2012இல் மீண்டும் ஓட்டலாகியது. சிரம்பானிலேயே அப்படி ஒன்று உண்டு. கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1912இல் எழுந்த அரசுச் செயலகம் பிற்பாடு மாநில நூலகமானது. வெள்ளைத் தூண் வரிசையும் வளைவு முகப்பும் கொண்ட அந்தக் கட்டடத்தின் முன் நின்றால், நூறாண்டுக்கு முன் இந்த மாநிலத்தின் ரப்பர் வளம் எப்படிப்பட்டது என்பது புரியும். அந்த வளத்தை உண்டாக்கியவர்கள் தங்கியிருந்த கட்டடம் எது என்று கேட்டால் காட்டுவதற்கு நகரத்தில் ஒன்றுமில்லை.

ஓட்டல் வீடாக மாறிய கதைகளில் நமக்கு மிக நெருங்கியது பம்பாயின் வாட்சன் ஓட்டல். இங்கிலாந்தில் வார்ப்பிரும்புச் சட்டங்களாகச் செய்து, கப்பலில் ஏற்றி வந்து, 1860களின் கடைசியில் நிறுத்திய கட்டடம் அது. 1896 ஜூலை 7ஆம் தேதி லூமியேர் சகோதரர்களின் சலனப்படம் இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது அங்கேதான். 1960களில் ஓட்டல் மூடப்பட்டது. அறைகள் தடுப்புப் போட்டுப் பிரிக்கப்பட்டு வீடுகளாகவும் வக்கீல் அலுவலகங்களாகவும் வாடகைக்கு விடப்பட்டன. எஸ்பிளனேட் மேன்ஷன் என்று பெயரும் மாறியது. பராமரிப்பு இல்லாமல் கட்டடம் சீரழிந்தது. 2005இல் பால்கனியின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஆனால் உள்ளே இருந்தவர்களை யாரும் எளிதில் எழுப்பிவிட முடியவில்லை. பம்பாயின் 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகைக்காரர் பக்கம் நின்றது. கட்டடம் ஆபத்தானது என்று தீர்மானித்து ஆட்களை வெளியேற்ற 2019 வரை ஆயிற்று. அந்தச் சட்டம் நல்லதா, கட்டடங்கள் பாழாவதற்கு அதுவே காரணமா என்ற வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. நான் கவனிப்பது வேறு. ஓட்டல் அறைக்கு ஒரு மனிதர் வாடகைக்கு வருகிறார். சில ஆண்டுகளில் சட்டத்தின் கண்ணில் அவர் அந்த அறையில் குடியிருப்பவர் ஆகிவிடுகிறார்.

மலேசியாவிலும் அப்படியொரு சட்டம் இருந்தது. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களில் குடியிருந்த வாடகைக்காரர்களை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாத்தது. 1997இல் அதை நீக்கத் தீர்மானித்து, 2000இல் முற்றாக முடித்தார்கள். அது நடைமுறையில் இருந்த பட்டணங்களில், கீழே கடையும் மேலே வீடுமாகக் கடைவீட்டில் இருந்த மளிகைக்காரரும் தையல்காரரும் தலைமுறை கடந்து அதே வாடகையில் இருக்க முடிந்தது. சிரம்பானின் யாம் துவான் சாலைப் பக்கம் ஐந்தடி நடைபாதையில் நடந்துகொண்டே மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தேன். துணி காயும் கொடிகள், மரப்பலகைச் சட்டங்கள், ஏறிச் செல்ல இருட்டான ஒற்றைப் படிக்கட்டு.

அந்த நகரத்திலிருந்து சில மைல் தள்ளி, அதே 1948க்கு முன் கட்டிய வீடுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. அவர்கள் வாடகைக்காரர்களாகக் கணக்கில் வரவில்லை. அவர்கள் இருந்தது லயம்.

லயத்தைப் பார்க்காத இளையவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பழைய லயம் ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக அறைகள். முதுகோடு முதுகு ஒட்டியது போல இரண்டு வரிசை. இந்தப் பக்கத்து வீட்டின் பின்சுவர்தான் அந்தப் பக்கத்து வீட்டின் பின்சுவர். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று, முன்னால் ஒரு திண்ணை, அதன் ஓரத்தில் அடுப்பு. தடுப்புச் சுவர் கூரை வரை எட்டாது. நான்காம் வீட்டில் குழந்தை அழுதால் முதல் வீட்டில் தூக்கம் கலையும். வீட்டு முன்னால் சிமெண்ட் சாக்கடை, தள்ளி ஒரு பொதுக் குழாய், அதற்கும் தள்ளிக் கக்கூஸ் வரிசை. பின்னாளில் தனித்தனியாகவும் இரட்டையாகவும் வீடுகள் வந்தன. 1966இல் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் நிர்ணயித்துச் சட்டம் வந்தது. 1990இல் அதற்குப் பதிலாக 446ஆம் சட்டம் வந்தது. தண்ணீர், மின்சாரம், இடவசதி என எல்லாம் அதில் உண்டு. வீட்டின் உரிமை மட்டும் தொழிலாளிக்குக் கிடையாது.

அங்கே நாள் தொடங்குவது விடியுமுன். பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, தகரத்தைத் தட்டுவார்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் உளியும் தோளில் வாளியுமாக நிரைக்குள் போக வேண்டும். வெயில் ஏறினால் மரம் பால் தருவது குறையும் என்பதால் அந்த அவசரம். பட்டையைச் சாய்வாக, மரத்துக்கு வலிக்காத ஆழத்தில் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழம் கூடினால் மரத்தில் காயம், தோட்டத்து எழுத்தரான கிராணியின் புத்தகத்தில் பெயர். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில். மதியம் பாலை எடைக்குக் கொண்டுபோய் ஊற்றிய பின்தான் வீடு. இப்படி முப்பது, நாற்பது வருடம் போன பிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது வீட்டையும் விட்டுவிட வேண்டும் என்பது விதி. பிள்ளைகளில் ஒருவராவது அதே தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்கு நின்றால் அந்த வீட்டில் தொடரலாம். பல வீடுகளில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு மரம் சீவப் போனதற்குக் கூலி மட்டும் காரணமல்ல. அப்பா அம்மா தலைக்கு மேல் கூரை நிற்க வேண்டும் என்பதும் காரணம்.

இந்தக் கட்டு எப்படி உருவானது என்பதற்குப் பழைய கதையைக் கொஞ்சம் தொட வேண்டும். சிரம்பான் அடங்கிய பழைய சுங்கை ஊஜோங்கில் முதலில் ஈயம், பிறகு காப்பி. இலங்கையில் காப்பி பயிரிட்ட வெள்ளைக்காரர்கள் இங்கே வந்து காடு வெட்டினார்கள். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து 1891இலேயே ரயில் ஓடியது. விளைந்ததைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான். காப்பி விலை சரிந்தபோது ரப்பர் வந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு, கங்காணிகள் தங்கள் ஊருக்கே போய் ஆள் பிடித்து வரும் முறையே மேலோங்கியது. 1938இல் இந்திய அரசு அதற்கும் தடை போட்டது. ஆள் வரும்போதே தங்க இடம் தயாராக இருக்க வேண்டும். வந்தவர் ஓடிவிடாமலும் இருக்க வேண்டும். தோட்டத்து நடுவே, துரை பங்களாவும் ஆபீசும் பார்க்கும் தூரத்தில் லயம் போட்டதன் காரணம் அதுதான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்தப் பள்ளிக்கூடங்களில் பல இன்றும் நடக்கின்றன. தோட்டம் விற்றுப்போய், பள்ளி பட்டணத்துக்கு இடம்பெயர்ந்த பின்னும் பெயர்ப்பலகையில் தோட்டத்தின் பெயர் நிற்கிறது.

துரை பங்களாவின் கதை வேறு மாதிரி. மேட்டில், காற்றோட்டமாக, நாலுபுறமும் வராந்தாவோடு கட்டியது. அதற்கு எப்போதும் விலை உண்டு. இலங்கை மலையகத்தைப் பாருங்கள். நுவரெலியா அருகே கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஓட்டலாகிவிட்டது. ஹட்டன் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரை பங்களாக்கள் சில 2005இலிருந்து வெளிநாட்டுப் பயணிகள் வந்து தங்கும் ஆடம்பர விடுதிகள். பங்களாவும் தொழிற்சாலையும் மறுபிறவி எடுத்த அதே மலைகளில் லயங்கள் லயங்களாகவே இருக்கின்றன. ஆனாலும் அங்கே ஒன்று நடந்திருக்கிறது: ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம், கையில் உறுதிப் பத்திரம் என்ற கோரிக்கை அரசியல் மேடைக்கு ஏறிவிட்டது. இந்திய உதவியில் நாலாயிரம் வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. 2017இல் மேலும் பத்தாயிரம் வீடுகள் அறிவிக்கப்பட்டன. தேவைக்கு இது போதாது. ஆனாலும் நிலமும் வீடும் எங்களுக்கு என்று கேட்பது அங்கே பழக்கமான பேச்சாகிவிட்டது.

மலேசியாவில் அந்தக் கேள்வியை மிகத் தெளிவாக எழுப்பியவர் துன் வீ. தி. சம்பந்தன். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. தோட்டத்தைத் தொழிலாளிகளே சேர்ந்து வாங்கினால் என்ன என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். அன்றைய கூலிக்கு அது பெரிய பணம். அந்தச் சங்கம் தோட்டங்களை வாங்கியது, இன்றும் இருக்கிறது. எல்லாத் தோட்டங்களையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை, எவராலும் முடிந்திருக்காது. ஆனால் பங்குச் சீட்டு ஒன்றை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்திருந்த பால்வெட்டுக்காரர், தன் காலடி மண்ணில் தனக்குப் பங்கு உண்டு என்று முதன்முதலாக நினைக்க முடிந்தது. அந்த முயற்சியை மலேசியத் தமிழர் வரலாற்றின் மிகப் பெரிய காரியங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

பெரிய கம்பெனிகளின் கதை வேறு திசையில் போனது. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலை, லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி நிறுவனத்தை மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனம் வாங்கி முடித்தது. நெகிரி செம்பிலானின் பெரிய தோட்டங்கள் பல கத்ரியுடையவை. 2007இல் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி மூன்றும் ஒன்றாயின. அதிலிருந்து பிரிந்த தோட்ட நிறுவனம் 2024இல் பழைய பெயரை மீட்டு எஸ்டி கத்ரி என்று பெயர் வைத்துக்கொண்டது. உரிமை லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த அந்தக் காலை, நாட்டுக்கு நியாயமான பெருமைதான். லயத்தில் இருந்தவர்களின் நிலையை அது தொடவில்லை. அதே பத்தாண்டுகளில் ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை பரவியது. செம்பனைக்கு ஆள் குறைவு. நெடுஞ்சாலையும் விமான நிலையமும் வந்தபோது நிலத்தின் விலை ஏறியது. ஆள் குறைந்து நிலம் விலை ஏறிய இடத்தில் லயம் நிற்க முடியாது.

இதன் மிகப் பெரிய உதாரணம் நெகிரி செம்பிலான் எல்லைக்கு வடக்கே இருக்கிறது. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா இருக்கும் இடம் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேயப் படைவீரர்கள் 1921இல் தொடங்கியது. அதோடு கேலோவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டங்களும் சேர்ந்து எடுக்கப்பட்டன. குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போயின. அந்தச் சுவர்களில் விரிசல் விழுந்த செய்தி பத்திரிகைகளில் ஆண்டுக்கணக்கில் வந்தது. நாட்டின் மிக அழகான நகரம் எழுந்த மண்ணில் பிறந்தவர்கள், அதன் பக்கத்திலேயே விரிசல் விட்ட மாடிகளில் இருந்தார்கள்.

சிரம்பானின் புறத்தே ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் ஒரு அம்மாவைச் சந்தித்தேன். ஊர்ப் பெயரும் தோட்டத்தின் பெயரும் இங்கே வேண்டாம். நாலாவது மாடி. மின்தூக்கி இல்லை. நடைபாதைச் சுவரோரம் சாயத் தகரங்களில் கறிவேப்பிலை, துளசி, ஒரு முருங்கைக் கன்று. கன்று மூன்றடி வளர்ந்து, வேர் போக இடமில்லாமல் இலை வெளுத்திருந்தது. சமையலறைத் தரையில் நாலாக மடித்த சாக்கு, அதன்மேல் அம்மிக்கல். அவருடைய மாமியார் லயத்தில் அரைத்த அம்மி. கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று முறையிட்டதால் சாக்கு. மகன் செனாவாங் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். வீட்டுக்கு முன்பணம் அவருடைய சேமநிதியிலிருந்து.

"எஸ்டேட்டு வீடு எங்களோடதுன்னு நாங்க நெனச்சதே இல்ல தம்பி. ஆனா வேற வீடு ஒண்ணு இருக்கணும்னும் தோணல. எங்க மாமனாரு அங்கதான் செத்தாரு, என் புள்ளைங்க மூணும் அங்கதான் பொறந்துச்சுங்க. கடிதாசி வந்த அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு."

வீட்டைப் பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுக்கச் சொன்னார்களாம். லயத்து வீட்டுக்குப் பூட்டே போட்டதில்லை என்பதால் கடையில் புதுப்பூட்டு வாங்கிப் பூட்டி, அதன் சாவியைக் கொடுத்திருக்கிறார் அவர் கணவர். ஓட்டலில் தங்கியவர் காலையில் சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்புவதற்கும் இதற்கும் சட்டத்தில் அதிக வித்தியாசம் இல்லை என்பதை அவர் சொல்லக் கேட்டபோதுதான் உணர்ந்தேன். பம்பாயில் ஓட்டலுக்கு வந்தவர் குடியிருப்பவர் ஆனார். இங்கே மூன்று தலைமுறை குடியிருந்தவர்கள் கடைசி வரை தங்கிப் போகிறவர்களாகவே கணக்கு வைக்கப்பட்டார்கள்.

அந்த அடுக்குமாடியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அம்மாவுக்கு அதில் பெருமை உண்டு. பத்திரம் மகன் பெயரில் வந்துவிட்டது. அதன் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமிப் படங்களுக்குப் பின்னால் வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, பேத்திக்குப் படிக்கத் தனி மேசை இருக்கிறது. லயம் சொர்க்கம் என்று சொல்பவர்கள் அந்தக் கக்கூஸ் வரிசையை மறந்துவிட்டார்கள். இழந்தது சுவரும் கூரையும் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. இழப்பீடு பேசும் மேசையில் உட்காரும் தகுதியைத்தான் இழந்தார்கள். உரிமைப் பத்திரமோ வாடகைச் சீட்டோ கையில் இருந்திருந்தால், அந்த நிலம் மனையாக விலைபோனபோது அதில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கியிருக்கலாம்.

மறுநாள் பகாவ் பக்கம் போனேன். கோலப்பிலாவைத் தாண்டிய பின் நிலம் விரிந்து, செம்பனை கண்ணுக்கெட்டிய தூரம் போகிறது. லயம் இருந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அந்தப் பக்கத்து ஆட்டோ பட்டறைக்காரர் சொல்லித் தந்தார்: செம்பனை வரிசைக்கு நடுவே தென்னையோ பலாவோ மாமரமோ கூட்டமாக நின்றால் அங்கே வீடு இருந்தது என்று அர்த்தம். அதன்படியே பார்த்தேன். ஓரிடத்தில் முருங்கை, இரண்டு பலா, புல் மூடிய சிமெண்ட் சாக்கடை. கொஞ்சம் தள்ளி மாரியம்மன் கோயில், புதிதாக வர்ணம் அடித்து, விளக்குப் போட்டு. சுற்றி ஒரு வீடும் இல்லை. ஆண்டுத் திருவிழாவுக்கு ஷா ஆலமிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் காரில் வந்து தீ மிதித்துவிட்டுப் போகிறார்களாம்.

இன்னொரு தோட்டத்தில் லயம் நின்றுகொண்டுதான் இருந்தது. திண்ணையில் லுங்கி காய்ந்தது. வங்காளதேசத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். உடைந்த மலாயில் பேசினோம். வேலை அனுமதிச் சீட்டு ஒரு முதலாளி பெயருக்குத்தான். அங்கே வேலை விட்டால் இந்த அறையும் இல்லை, நாட்டில் இருக்க அனுமதியும் இல்லை. எங்கள் பாட்டன் காலத்தில் கங்காணி கையில் இருந்த கட்டு இப்போது அந்தச் சீட்டில் இருக்கிறது. 446ஆம் சட்டத்தை 2019இல் திருத்தித் தோட்டத்துக்கு வெளியே மற்றத் தொழில்களுக்கும் விரிவுபடுத்தியிருக்கிறார்கள். அது நல்ல காரியம். அந்தப் பையனின் அறையில் விசிறி ஓடியது, மின்விளக்கு எரிந்தது.

தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீடு என்ற திட்டம் 1970களிலிருந்து பேசப்படுகிறது. நெகிரி செம்பிலானில் நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரை பெருநகரத் திட்டம் வரைந்திருக்கிறார்கள். மனை போடும் அனுமதியைக் கொடுக்கும் மேசையிலேயே, இத்தனை ஆண்டு அங்கே குடியிருந்தவருக்கு அதே நிலத்தில் ஒரு வீடு என்று எழுதி வாங்கிவிட வேண்டும். லயத்தை உடைத்த பிறகு பேசிப் பயனில்லை. பகாவ், கெமிஞ்சே பக்கம் இன்னும் நிற்கும் வரிசைகளில் ஒன்றையாவது, அந்த 1912ஆம் ஆண்டுச் செயலகத்தைக் காப்பாற்றியது போல, பதிவு செய்து வைக்க வேண்டும். எப்படிச் சீரமைப்பது என்று கட்டடக் கலைஞர் யோசிக்கும் முன் நாலாவது மாடிக்கு ஏறிப் போய் அந்த அம்மா போன்றவர்களைக் கேட்கட்டும். எந்த அறையில் எத்தனை பேர் படுத்தார்கள், மழைக்கு எந்த மூலை ஒழுகியது, குழாயடியில் யார் முதலில் நிற்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.